ஹெல்மெட்டில் ஒன்று, ஹேண்டில்பாரில் ஒன்று

நவம்பர் 3, திங்கள். காலை முழுக்க மழை.

இல்லை, ஒன்று போதாது. ஹெல்மெட்டில் மட்டும் விளக்கு இருந்தால் பாதை தட்டையாகிவிடுகிறது. ஒளி கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே கிளம்புகிறது, அதனால் நிழல் எல்லாம் கல்லுக்குப் பின்னால் மறைந்துகொள்கிறது. பள்ளம், மேடு, வேர், எல்லாம் ஒரே சாம்பல். ஹேண்டில்பாரில் வைத்தால் ஒளி தாழ்வாகப் போகும். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நிழல் கிடைக்கும். எதற்குப் பயப்பட வேண்டும் என்று நிழல்தான் சொல்கிறது. ஆனால் வளைவில் ஹேண்டில்பார் விளக்கு நேரே காட்டைப் பார்க்கிறது, நாம் போகப்போகிற பக்கம் இருட்டு. அதற்கு ஹெல்மெட்.

ஆக இரண்டும்.

வாங்க வேண்டியது:
— ஹேண்டில்பாருக்கு: பரந்த ஒளி. முன்சக்கரத்துக்கு முன்னால் பாய் விரித்த மாதிரி.
— ஹெல்மெட்டுக்கு: கூர் ஒளி. கனம் குறைவு. பேட்டரி பின்மண்டையில் இருந்தால் கழுத்து போய்விடும்.
— பின்னால் சிவப்பு.
— தண்ணீர் புகாதது. (இந்த ஊரில் எதற்குள் புகாது.)
— அரிசி. டெட்டால்.

ஐந்து மணிக்கு லைப்ரரியைப் பூட்டி வெளியே வந்தால் இருட்டு. மெயின்லாந்தில் எம்.ஏ. படித்த இரண்டு வருடமும் மாலை என்று ஒன்று இருந்தது. நீளமானது, சோம்பலானது, டீ குடித்தும் தீராதது. இங்கே தீவில் பகல் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விடும். வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிள் ஓட்டினால் இருட்டில்தான் ஓட்ட வேண்டும். அதை நைட் ரைடு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்நேரம் மெயின்லாந்தில் பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருக்கும்.

எனக்கு இருட்டு பயம். போகாமலிருந்தால் இன்னும் பயம்.

அண்ணன் நேற்று கப்பலோடு கேம்பல் பேயிலிருந்து திரும்பினான். நாலு மணி நேரம் சுக்கான், நாலு மணி நேரம் லுக்அவுட் (வெளியே நின்று எதிரே என்ன வருகிறது என்று கடலைப் பார்ப்பது), கொஞ்சம் தூக்கம், மறுபடி சுக்கான். கண் இரண்டும் சிவப்பு. அடுத்த டிரிப் இருபதாம் தேதி. அதற்குள் இரண்டு சனிக்கிழமை அவனுக்கு சைக்கிள். வாசலில் என் செருப்பை மிதித்துத் தடுமாறினான். பல்பு போட்டிருந்தது.


நவம்பர் 5, புதன். வெயில். பௌர்ணமி.

ஜங்க்ளிகாட், ஷமீமா அக்கா கடை. அவருடைய வாப்பா காலத்தில் வலையும் தூண்டிலும் விற்ற கடை. இப்போது பாதி சைக்கிள், பாதி இன்னும் தூண்டில். அண்ணன் முரளியும் வந்தான். (இங்கே எழுதும்போது மு. போதும். வாய் திறந்தால் அண்ணா.)

லூமன் என்கிற வெளிச்சக் கணக்கு பற்றி நான் படித்துவிட்டு வந்ததையெல்லாம் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"லூமன் டப்பா மேல எழுதினது, புள்ள. டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். வா, கோடவுன்ல அடிச்சுப் பாரு."

பின்னால் கோடவுன். ஷட்டரை இறக்கினால் கும்மிருட்டு. சுவரில் ஒவ்வொரு விளக்காக அடித்துப் பார்த்தோம். ஒன்று நடுவில் வெள்ளை ஓட்டை போட்டது, சுற்றிலும் ஒன்றுமில்லை. இன்னொன்று சுவர் முழுக்கப் பரவியது, மெலிதாக, பால் கொட்டினது போல. எனக்கு இந்த இரண்டாவதுதான். ரப்பர் பட்டி, கையால் மாட்டலாம். எடுத்துக்கொண்டேன்.

மு. ஒவ்வொன்றுக்கும் இதைவிடப் பெருசு இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா தன்னிடமிருந்த பெரியதையும் காட்டினார். அதற்கும் அதே கேள்வி.

"தம்பிக்கு சைக்கிள் லைட்டு வேணுமா, கப்பல் லைட்டா? சொன்னா ஜெட்டியில நிக்கிற கப்பல்லேர்ந்து கழட்டிட்டு வந்துரலாம்."

சிரித்தான். வெளியே வரும்போது ஒரு அட்டைப்பெட்டியில் முழங்கால் இடித்துக்கொண்டான். பெட்டி இடுப்பு உயரம். என் கையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவன் ஏற்கனவே ஒன்று பார்த்து வைத்திருக்கிறானாம். தலையில் மாட்டுவது, பேட்டரி தனி டப்பா, பையில் போட்டுக்கொள்ளலாம். ஆன்லைனில் நம் பின்கோடைப் போட்டால் வராது என்று சொல்லிவிடுகிறது. லித்தியம் பேட்டரி விமானச் சரக்கில் ஏறாது, கப்பலில் அனுப்ப அவர்களுக்கு மனசில்லை. சென்னையிலிருந்து வரும் நண்பனிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான்.

ஹேண்டில்பாருக்கு ஒன்று வாங்கிக்கொள் என்றேன். நிழல் தெரியும், பள்ளம் தெரியும், எல்லாம் சொன்னேன். வேண்டாமாம்.

"நான் எங்க பாக்குறேனோ அங்க லைட் வேணும், பாப்பா. அவ்ளோதான்."

இரவு வாசலில் நிலா. படிக்கத் தோன்றும் அளவு வெளிச்சம். அவன் டார்ச் எடுத்துக்கொண்டு குப்பை கொட்டப் போனான்.


நவம்பர் 7, வெள்ளி. புழுக்கம்.

விளக்கு வந்தது. பேட்டரி வரவில்லை.

நண்பன் அதைப் பெட்டிக்குள் துணிக்கு நடுவில் பத்திரமாகச் சுற்றி வைத்து லக்கேஜில் போட்டிருக்கிறான். கையில் கொண்டு வந்திருக்க வேண்டும். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து பேட்டரியை மட்டும் எடுத்துவிட்டார்கள். தீவுக்காரர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தவறு. நானும் செய்திருக்கிறேன், லேப்டாப் பவர் பேங்க். யாரும் இதற்கு அழுவதில்லை.

மு. அழவில்லை. விளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒயரின் நுனியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அடுத்த கப்பலில் வேறு பேட்டரி வந்துவிடும், ஒரு வாரம்தானே என்றேன்.

"ஒரு வாரம் ஒனக்கு ஒரு வாரம்."

அப்புறம் சாப்பிட்டான். மீன் நன்றாக இருந்தது என்றான். அது நேற்றைய குழம்பு, நேற்று இதைச் சொல்லவில்லை.

கோபம் என்று முதலில் நினைத்தேன். இல்லை. கோபமாக இருக்கும்போது அவனுக்குக் காது சிவக்கும். இது வேறு. இதை எங்கோ பார்த்திருக்கிறேன், எங்கே என்று தெரியவில்லை.


நவம்பர் 8, சனி. மழை விட்டு ஈரம்.

ரைடு. தபன்தா, நான், மு., பாலிடெக்னிக் பையன்கள் இரண்டு பேர். தபன்தா கணக்கு வாத்தியார், திக்லிபூர் பெங்காலி, முன்னால் போவார், திரும்பிப் பார்க்க மாட்டார். வழக்கமான வழி: பாத்துபஸ்தி தாண்டி பாக்குத் தோப்பு, தோப்புக்குப் பின்னால் ஒரு காலத்தில் மரம் இழுத்த லாரிப் பாதை, மேட்டில் காட்டைத் தொட்டுவிட்டு சிடியா டாப்பு சாலையில் இறக்கம்.

புது விளக்கு நன்றாக இருக்கிறது. பாதைக்கு முகம் வந்துவிட்டது. ஹெல்மெட்டில் பழைய சின்ன விளக்கு, வளைவுக்கு மட்டும். இரண்டு ஒளியும் சேரும் இடத்தில் ஒரு ஓரம் இருக்கிறது. அதற்கு அப்பால் காடு. அந்த ஓரத்தைப் பார்க்காமலிருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அங்கே எப்போதும் யாரோ நிற்கிறார்கள்.

மு. பழைய ஹெல்மெட் விளக்கோடு என் பின்னால். எப்போதும் என் பின்னால்தான்.

"நீ முன்னாடி போ. பின்னாடி நான் பாத்துக்கறேன்."

இதை இரண்டு வருடமாகச் சொல்கிறான். அண்ணன் தங்கையைப் பார்த்துக்கொள்கிறான் என்று நானும் இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏற்றத்தில் என் பின்விளக்கு சார்ஜ் குறைந்து மினுங்கியது. அணைத்தேன், இறக்கத்துக்கு மிச்சம் பிடிக்கலாமென்று. உடனே பின்னாலிருந்து குரல்.

"லைட்டப் போடு."

போடுறேன்ணா, மேட்டுக்குப் போனதும் என்றேன்.

"பாப்பா, லைட்டப் போடு. இப்பவே போடு."

அது அவன் குரல் இல்லை. தண்ணீருக்குள் விழுந்தவன் கூப்பிடுவது போல இருந்தது. போட்டேன். திரும்பிப் பார்த்தபோது பாதையின் நடுவில் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். முகம் என் பக்கம் இல்லை, கொஞ்சம் தள்ளி, மரத்தைப் பார்த்து. சிவப்பு எரிந்ததும் முகம் திரும்பியது.

அவன் பின்னால் பார்த்துக்கொண்டு வரவில்லை. என் சிவப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறான்.

இறக்கம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டு பிரேக்கிலேயே வந்தேன். கை வலி.


நவம்பர் 12, புதன். காற்று. புயல் சின்னம் என்று ரேடியோ, பிறகு இல்லை என்றது.

லைப்ரரியில் கூட்டமில்லை. கம்ப்யூட்டரில் தேடினேன். தேடியதை அழித்தேன். மறுபடி தேடினேன்.

தேடிய சொற்கள்: இருட்டில் தடுமாற்றம். வெளிச்சம் போதவில்லை. பக்கத்தில் உள்ளது தெரியவில்லை.

கிடைத்த சொல்: மாலைக்கண். அதைவிட நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று, விழித்திரை பற்றியது, எழுத மாட்டேன். கேரட் தின்றால் போகிற மாலைக்கண்ணும் இருக்கிறதாம். அதையே மூன்று முறை படித்தேன். மார்க்கெட்டில் கேரட் வாங்கினேன். கப்பலில் வந்து வதங்கிய கேரட்.

மற்ற வகை பற்றி: முதலில் இரவு போகும். பிறகு ஓரங்கள். நடு கடைசி வரை இருக்கும். எழுத்துப் பலகையை வெளிச்சத்தில் வாசிக்கச் சொன்னால் எல்லா வரியும் வாசித்துவிடுவார்கள்.

மு. கப்பல் வேலைக்கான ஒவ்வொரு மெடிக்கல் பரிசோதனையிலும் கடைசி வரி வரை வாசிப்பான். வீட்டுக்கு வந்து சொல்லிக்காட்டுவான்.

பேட்டரி வந்துவிட்டது, சென்னைக் கப்பலில், அதில் வேலை பார்க்கும், அவனுக்குத் தெரிந்த லஸ்கர் ஒருவர் மூலம். வாசலில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டிருக்கிறான். விசில். இரண்டாயிரம் லூமன். தெருவையே வெள்ளையாக்குகிறது. எதிர்வீட்டு நாய் குரைத்துவிட்டு உள்ளே போய்விட்டது.

வெளிச்சம்தான் குறையாக இருந்திருக்க வேண்டும். சனிக்கிழமை தெரிந்துவிடும். தெரியாமலிருந்தால் நல்லது.


நவம்பர் 15, சனி. தெளிவு. நட்சத்திரம்.

எருமை.

இதை ஒழுங்காக எழுத வேண்டும். இறக்கம் முடிந்து சிடியா டாப்பு சாலை. தார், அகலம், கல் இல்லை, பள்ளம் இல்லை. ஓரத்தில் எருமை ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பாதி உடம்பு சாலையில். தபன்தா விலகினார், பைன்ஸ், பைன்ஸ் என்று ஹிந்தியில் எருமையைச் சொல்லிக்கொண்டே போனார். பையன்கள் விலகினார்கள். நான் விலகினேன். மு. தலையில் இரண்டாயிரம் லூமன். எருமையின் கண் பச்சையாக மின்னியதை நான் திரும்பிப் பார்த்தேன். அவன் ஒளியில்தான் மின்னியது. நேரே போய் மோதினான்.

எருமை எழுந்து நின்றது. கோபப்படவில்லை. இவன் அதன் மறுபக்கம் கிடந்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். அடிபடவில்லை என்று தெரிந்த பிறகுதான். முழங்கை சிராய்ப்பு, ஹேண்டில் கோணல். தபன்தா ஹிந்தியில் கேட்டார், எருமையைப் பார்க்க இன்னும் எத்தனை லூமன் வேணும் முரளி பாய், அடுத்த தடவை யானைக்கு ஆர்டர் போடுவோமா. பையன்களில் ஒருவன் எருமையிடம் மன்னிப்புக் கேட்டான். மு. கூடச் சிரித்தான். ரொம்ப நேரம் சிரித்தான்.

வரும் வழியெல்லாம் அவனை முன்னால் விட்டு நான் பின்னால் வந்தேன். பார்த்தேன். ஓட்டும்போது தலை ஆடிக்கொண்டே இருக்கிறது. இடம், வலம், கீழ், இடம். கலங்கரை விளக்கம் போல. நாம் ஒரே பார்வையில் பார்ப்பதை அவன் துண்டு துண்டாகப் பொறுக்குகிறான். பொறுக்கும் இடத்தில் எருமை இல்லாவிட்டால் எருமை இல்லை.

அதனால்தான் ஹெல்மெட் விளக்கு. அதனால்தான் ஹேண்டில்பார் வேண்டாம்.

கோணல் ஹேண்டிலை நேராக்கிக் கொடுத்தேன். நன்றி என்றான். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை.


நவம்பர் 16, ஞாயிறு.

சாயங்காலம் கரன்ட் போனது. சமையலறையில் மெழுகுவத்தி, கூடத்துக்கு அதன் மிச்சம் கொஞ்சம் வந்தது. அவன் நாற்காலியில். டம்ளரில் டீ எடுத்துக்கொண்டு அவன் வலப்பக்கமாகப் போனேன். பேசவில்லை. செருப்பில்லை. டம்ளரை அவன் கைக்குப் பக்கத்தில் நீட்டினேன்.

நீட்டிக்கொண்டே நின்றேன்.

ஆவி அவன் முகத்துக்கு முன்னால் போனது. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணா என்றேன். திடுக்கிட்டான். கை குரலைத் தேடி வந்தது, டம்ளருக்கு மேலே, காற்றில்.

டீ குடித்தான். சூடு போதவில்லை என்றான்.

பரமக்குடிக்கு போன் போட்டேன். அம்மா சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவள், ஜனவரி கப்பலில்தான் வருவாள். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, எதேச்சையாகக் கேட்பது போல, பெரியப்பா ஏன் ஆறு மணிக்கு மேல் வெளியே வரமாட்டார் என்று கேட்டேன்.

"அவருக்கு மாலைக்கண்ணுடி. எங்க வீட்டுல அது உண்டு. எங்க தாத்தாவுக்கும் இருந்துச்சாம். ஏன், இப்ப எதுக்கு அது?"

சும்மா என்றேன்.

எங்க வீட்டுல. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே வீடு. அப்பா அம்மாவின் சொந்தத் தாய்மாமன். சொத்து வெளியே போகவில்லை.

எப்போதோ ஒரு லீவில் பார்த்த பெரியப்பா ஞாபகம் வருகிறது. விளக்கு வைக்கிற நேரம், சுவரில் ஒரு விரலை வைத்துக்கொண்டே நடப்பார். சுவரோடு விளையாடுகிறார் என்று நானும் பின்னால் விரலை வைத்துக்கொண்டே நடந்தேன்.

எனக்கும் அதே அம்மா, அதே அப்பா.

பின்கட்டுக்குப் போய் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு நின்றேன். கையை ஓரமாக நீட்டி விரலை ஆட்டினேன். தெரிகிறது. தெரிகிறதா, அல்லது ஆட்டுவது நான் என்பதால் தெரிவது போலிருக்கிறதா. இன்னும் பின்னால் கொண்டுபோனேன். இல்லை. எல்லோருக்கும் இங்கே இல்லாமல் போகுமா? யாரிடம் கேட்பது? பார்க்காத ஒன்றைப் பார்க்கவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? விளக்குகளின் ஓரத்தில் யாரோ நிற்பதாக எழுதினேன். அந்த ஓரம் விளக்கினுடையதா, என்னுடையதா?

தூங்கவில்லை.


நவம்பர் 17, திங்கள். லீவ் சொல்லிவிட்டேன், தலைவலி என்று.

காலையில், நல்ல வெளிச்சத்தில், கேட்டேன். எத்தனை நாளாக என்று.

எருமை பற்றி ஏதோ ஜோக் சொல்ல ஆரம்பித்தான். பாதியில் விட்டான். மூன்று வருடம் இருக்கும் என்றான். முதலில் தூக்கக்குறைவு என்று நினைத்தானாம். கப்பலில் எல்லோருக்கும் தூக்கக்குறைவு. பிறகு வைட்டமின் மாத்திரை. பிறகு பெரிய டார்ச். பிறகு இன்னும் பெரிய டார்ச்.

சுக்கான் பிடிப்பதில் ஒன்றும் பிரச்சினை இல்லையாம். காம்பஸுக்குள் விளக்கு எரிகிறது, எண் தெரிகிறது, ஆபீசர் சொல்கிற எண்ணில் வைக்க வேண்டியது, அவ்வளவுதான். கண்ணைக் கட்டிக்கொண்டு கூட. இதைச் சொல்லும்போது பெருமை இருந்தது.

லுக்அவுட்? என்றேன்.

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தான். துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான். போன டிரிப்பில், கேம்பல் பேயிலிருந்து திரும்பும்போது, பிரிட்ஜுக்கு (சுக்கான் அறைக்கு) வெளியே வலப்பக்கம் இவன் நிற்க வேண்டிய முறை. கடல் அமைதி. நிலா இறங்கிவிட்ட நேரம். செகண்ட் ஆபீசர் டீ கிளாஸோடு வெளியே வந்தவர் கத்தினார். கீழே ஒரு டுங்கி, மீன்பிடிக்கிற சின்னப் படகு, விளக்கில்லாமல். கப்பல் திரும்பியது. இவன் சொல்லிவிட்டான், இப்பதான் சார் நானும் பாத்தேன், சொல்ல வந்தேன் என்று. அவரும் நம்பிவிட்டார்.

"ரெண்டு பேர் இருந்தாங்களாம், பாப்பா. ஒருத்தன் எழுந்து நின்னு கைய ஆட்டுனானாம். அதுகூட சார் அப்புறம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பாத்தது வெறும் கறுப்பு. இப்பவும் அந்தக் கறுப்புதான் வருது."

அப்புறம் அதே மூச்சில்: கப்பலில் சொல்லாதே. பகல் டூட்டியாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். லீவுக்கு வருகிறவனோடு மாற்றிக்கொள்கிறேன். இந்த இருபதாம் தேதி டிரிப் மட்டும் போய்விடுகிறேன். ஆள் இல்லை. சொன்னால் கீழே இறக்கிவிடுவார்கள், அதற்குப் பிறகு என்னை எங்கே வைப்பார்கள், கயிறு கட்டக்கூட கண் வேணும். பதினெட்டு வயதிலிருந்து எனக்குக் கடல் தவிர எதுவும் தெரியாது.

"அச்சா, நீயே சொல்லு. பகல்ல நான் குருடனா?"

இல்லை என்றேன். இல்லைதான்.

படித்த புத்தகம் எதுவும் உதவிக்கு வரவில்லை. தீர்ப்புச் சொல்லும் வாக்கியங்களாக நிறைய வந்தன. அவன் முழங்கைச் சிராய்ப்பில் டெட்டால் வைத்தேன். உஸ் என்றான்.

எழுந்து நின்று கையை ஆட்டியவனுக்கு வீட்டில் யார் இருப்பார்கள்.


நவம்பர் 18, செவ்வாய். விட்டுவிட்டு மழை.

லீவை நீட்டினேன். கேரட் பொரியல். தட்டின் ஓரத்தில் ஒதுக்கினான், பிறகு மருந்து போலத் தின்றான். அதைப் பார்க்க முடியவில்லை.

நான் சொல்லலாம். ஜெட்டிக்குப் போய் யாரையாவது பார்த்து. செகண்ட் ஆபீசர் பெயர்கூடத் தெரியும். சொன்னால் அவன் என்னை மன்னிக்க மாட்டான். சொல்லாவிட்டால் அந்தக் கறுப்பு எனக்கும் வரும். பயத்தில் எது பெரியது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டும் சம அளவாக இருந்தன. மூன்றாவது ஒன்று, நானும் அவனைப் போல ஆகப்போகிறேனா என்பது, இரண்டுக்கும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. அதைப் பற்றி அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

மதியம் குடையோடு ஃபீனிக்ஸ் பே ஜெட்டி. டிக்கெட் கவுன்ட்டரில் வரிசை. முன்னால் கேம்பல் பே போகும் குடும்பம், பஞ்சாபிப் பெரியவர், பேரன், பெட்டிக்குள் கோழிக்குஞ்சு. கோழிக்கு டிக்கெட் வேணுமா என்று யாரோ கேட்க, கவுன்ட்டருக்குள் இருந்தவர் பங்க்கா கேபினா என்று கேட்டார். ஒரு பங்க், கீழ்த்தட்டில் ஒரு படுக்கை, வாங்கினேன். இருபதாம் தேதி.

இரவுச் சாப்பாட்டில் டிக்கெட்டை மேஜை மேல் வைத்தேன். அவன் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து வாசித்தான். கடைசி எழுத்து வரை.

இது எதுக்கு என்றான்.

கூட வருகிறேன் என்றேன்.

பிரிட்ஜுக்கெல்லாம் பேசஞ்சரை விடமாட்டாங்க, நீ வந்து எனக்குக் கண்ணு காட்டலாம்னு பாக்கிறியா என்று சிரித்தான்.

"மேல வரமாட்டேன்ணா. கீழ பங்க்ல படுத்துத் தூங்குவேன். நீ லுக்அவுட் நிக்கிற நேரத்துல."

சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் இருந்தது, யாரும் எடுத்துப்போக வராதது போல. பிறகு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். கதவில் இடிக்கவில்லை. கையை முன்னால் நீட்டிக்கொண்டு போனான். என் முன்னால் அப்படிப் போவது இதுதான் முதல் முறை.

அவன் அறையில் பேச்சுக்குரல். யாருடனும் இல்லை.


நவம்பர் 19, புதன். பளீரென்று வெயில்.

காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு நின்றான். வர்றியா என்றான். எங்கே என்று கேட்கவில்லை. ஸ்கூட்டியை நான் ஓட்டினேன்.

ஜெட்டியில் கப்பல் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. சிமென்ட், வெங்காயம், யாருடையதோ ஒரு ஃபிரிட்ஜ். கப்பலுக்குப் போட்ட ஏணிப்பாலத்தில் அவன் ஏறுவதைப் பார்த்தேன். பகலில் எவ்வளவு அழகாக ஏறுகிறான். கயிற்றைத் தொடவே இல்லை.

வெளியே டீக்கடையில் நின்றேன். டீ ஆறியது. இன்னொன்று வாங்கினேன், அதுவும். அவன் வர மாட்டான், மேலேயே சிரித்துப் பேசி எதையாவது மாற்றிவிட்டு நாளைக்குப் போய்விடுவான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியபோது ஒரு கணம் நிம்மதியாகவும் இருந்தது. அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

வந்தான். கேப்டன் உட்காரச் சொன்னாராம். எவ்வளவு நாளாக என்று கேட்டாராம். டுங்கி பற்றியும் சொல்லிவிட்டான். அவர், நாளைய டிரிப்புக்கு வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன், நீ முதலில் கண் டாக்டரைப் பார், பேப்பரோடு வா, அப்புறம் என்ன செய்வது என்று பார்ப்போம் என்றாராம்.

"திட்டுவார்னு நெனச்சேன் பாப்பா. திட்டல. தோள்ல கை வச்சார்."

ஸ்கூட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். வழியெல்லாம் வெயில். எதிரே வந்த பஸ், ஆடு, ஸ்கூல் பிள்ளைகள், எல்லாவற்றையும் பெயர் சொல்லிக்கொண்டு வந்தான், எல்லாம் தெரிகிறது என்று எனக்குச் சொல்வது போல. நானும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓரத்தில் எனக்குத் தெரியாமல் ஏதாவது போகிறதா என்று.

பெரிய ஆஸ்பத்திரி. அவனை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஓ.பி. வரிசையில் நின்றேன். கண் பிரிவு என்றேன். பெயர் கேட்டார்கள், முரளி என்றேன், வயது சொன்னேன். சீட்டு வந்தது. நகரவில்லை. பின்னாலிருந்த பெண்மணி ஹிந்தியில் முன்னே போகச் சொன்னார். இன்னொன்று வேண்டும் என்று கவுன்ட்டருக்குள் சொன்னேன். யாருக்கு என்றார்கள்.

என் பெயரைச் சொன்னேன். இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.